பேர்ணிலிருந்து ஒரு நாள் பயணம்: லவோ முந்திரிகைச் சரிவுகளுக்கு வயதான பெற்றோரை அழைத்துச் செல்லலாமா?

பரந்தன் வரம்பு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கிளிநொச்சி மாவட்டத்தில் பரந்தனுக்கு அருகே வசிக்கின்ற ஒரு கமக்காரக் குடும்பம். என் தம்பி பதினான்கு வருடங்களாகச் சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் இருக்கிறான். சிறுபோக அறுவடை முடிந்ததும் அப்பாவையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு செப்டெம்பர் மாதத்தில் மூன்று வாரங்கள் அவனுடன் தங்கி வருவதாக இருக்கிறோம், விசாவும் கிடைத்துவிட்டது. காலபோகத்துக்கான பயிர்ச்செய்கைக் கூட்டம் நடப்பதற்கு முன்னர் ஊர் திரும்பிவிட வேண்டும் என்பதே அப்பா விதித்த ஒரே நிபந்தனை.

தம்பி உணவகமொன்றின் சமையலறையில் வேலை செய்வதால் வாரத்தில் ஒரு நாள்தான் அவனுக்கு முழு ஓய்வு. பனிமலை, கோட்டை, சொக்லேற் தொழிற்சாலை என்று அவன் ஒரு பட்டியல் வைத்திருந்தான். தொலைபேசியில் அவற்றின் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டியபோது, எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்த அப்பா ஒரு படத்தில் மட்டும் நிறுத்தச் சொன்னார். ஏரிக்கரையிலிருந்து மேட்டின் உச்சி வரை கற்சுவர்களைப் படிப்படியாகக் கட்டி, ஒவ்வொரு படியிலும் முந்திரிகைக் கொடிகளை நட்டிருந்த இடம் அது. “இந்தக் கல்லையெல்லாம் ஆர் தூக்கினது?” என்று கேட்டார். வேறெந்தப் படத்தைப் பற்றியும் அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த இடத்தின் பெயர் லவோ என்றும், வைனுக்காக முந்திரிகை பயிரிடும் பகுதி என்றும், பேர்ணிலிருந்து காலையில் புறப்பட்டால் இரவுக்குள் திரும்பிவிடலாம் என்றும் தம்பி சொன்னான். ஆனால் அவன் அங்கே இறங்கிப் பார்த்ததில்லை. புகையிரதத்தில் கடந்து போயிருக்கிறானாம். (முந்திரிகை என்று நான் எழுதுவது திராட்சையைத்தான். தம்பியின் பிள்ளைகள் அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு, கஜு மரத்தையா பார்க்கப் போகிறோம் என்று கேட்டார்களாம்.)

எனக்கு இரண்டு தயக்கங்கள் இருக்கின்றன. முதலாவது அம்மா. வைன் காய்ச்சும் இடம், ஊற்றிக் கொடுக்கும் இடம் என்று யாரோ சொல்லிவிட்டதால், அவருடைய மனத்தில் அது ஒரு பெரிய தவறணையாகவே பதிந்துவிட்டது. எங்கள் வீட்டில் யாரும் மது அருந்துவதில்லை. இரண்டாவது அப்பாவின் முழங்கால். எழுபத்தொரு வயதிலும் வரம்பில் நாள் முழுவதும் நடப்பார், ஆனால் படி ஏறி இறங்குவது அவருக்குச் சிரமம்.

குடிக்காதவர்கள் அங்கே ஒரு நாளைச் செலவழிப்பதில் பயன் உண்டா? காரில் போவது நல்லதா, புகையிரதத்தில் போவது நல்லதா? எந்த ஊரில் இறங்க வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

லொசான் முள்ளியவளை (பதில்)

வணக்கம். நான் முள்ளியவளையைச் சேர்ந்தவன். லொசானில் குடியேறி இருபது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. கல்லை யார் தூக்கினார்கள் என்ற உங்கள் ஐயாவின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்போதுள்ள படிமுறைத் தோட்டங்களின் தொடக்கத்தை 11ஆம் நூற்றாண்டு வரை கொண்டுபோகிறார்கள். பெனடிக்ற் சபையையும் சிஸ்ரேசியன் சபையையும் சேர்ந்த கிறிஸ்தவத் துறவிகளின் மடங்கள் அந்தச் சரிவுகளைத் தம் வசம் வைத்திருந்த காலம் அது. காடு மண்டிய சரிவை வெட்டித் திருத்திச் சுவர் எழுப்பும் வேலை அப்போது தொடங்கி, பின்னர் ஊர்க் குடும்பங்களின் கைக்கு வந்து, இன்றுவரை நடக்கிறது. லொசானின் கிழக்கு எல்லையிலிருந்து சியோன் கோட்டை வரை ஏரிக்கரையோரமாக ஏறத்தாழ 30 கிலோமீற்றர், அதாவது கிளிநொச்சியிலிருந்து மாங்குளம் வரையான தூரம். அந்தத் தூரத்துக்குள் இருக்கும் சுவர்களையெல்லாம் ஒரே கோட்டில் நீட்டினால் 400 கிலோமீற்றருக்கு மேல் வரும். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரும் ஏ9 வீதியே 321 கிலோமீற்றர்தான் என்று ஐயாவிடம் சொல்லுங்கள். யுனெஸ்கோ 2007ஆம் ஆண்டு அந்த இடத்தை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்ததும் இந்த உழைப்புக்காகத்தான். அங்கே தயாராகும் வைனின் சுவைக்காக அல்ல.

காரை மறந்துவிடுங்கள். ஊர்களுக்குள் வீதிகள் ஒடுக்கமானவை, வாகனம் நிறுத்த இடம் தேடியே ஒரு மணித்தியாலம் போய்விடும், ஓட்டுகிறவருக்குக் காட்சியும் கிடைக்காது. பேர்ணிலிருந்து லொசானுக்கு அரை மணித்தியாலத்துக்கு ஒரு புகையிரதம் இருக்கிறது, பயண நேரம் ஒரு மணித்தியாலத்தைச் சற்றே தாண்டும். போகும்போது அனைவரும் இடப்பக்க யன்னலோரம் உட்கார்ந்துகொள்ளுங்கள். பிரிபூர்க் தாண்டிய பின்னர் நெடுநேரம் புல்வெளியும் மாட்டுப் பட்டிகளுமாகவே போய்க்கொண்டிருக்கும். ஒரு சுரங்கத்துக்குள் புகுந்து வெளியே வந்ததும் தரை சட்டென்று விலகி, கீழே ஏரி முழுவதும், அதற்கப்பால் பிரான்சின் மலைகளும், காலடியில் முந்திரிகைப் படிகளும் ஒரே வீச்சில் தெரியும். டொச்சு, அதாவது ஜேர்மன் மொழி பேசும் பகுதியிலிருந்து வருகிறவர்கள் அந்தக் காட்சியைக் கண்டதும் திரும்பிப் போகும் பயணச்சீட்டை யன்னலால் எறிந்துவிடுவார்கள் என்று இங்கே ஒரு பழங்கதை உண்டு. என் மனைவி ஒவ்வொரு முறையும் அந்தச் சுரங்கத்துக்குள் நுழையும்போது பேச்சை நிறுத்திவிடுவார்.

லொசானில் இறங்கி, ஏரிக்கரையோரமாகச் செல்லும் சிறு புகையிரதத்தில் ஏறினால் பத்து நிமிடமளவில் கூயி என்ற ஊர் வரும். பலகையில் எழுதியிருப்பதை வாசித்தால் குல்லி என்று தோன்றும், ஏமாற வேண்டாம். உங்கள் பெற்றோருக்கு இந்த ஊர்தான் பொருத்தமானது. நிலையத்திலிருந்து ஏரிக்கரை வரை சில நிமிட நடைதான். கரையோரத்தில் மர நிழலும் வாங்குகளும் இருக்கின்றன. அங்கிருந்து மேட்டுக்கு ஏற லவோ எக்ஸ்பிரஸ் என்றொரு வண்டி இருக்கிறது; உழவு இயந்திரம் போன்ற ஒன்று திறந்த பெட்டிகளை இழுத்துச் செல்லும், தண்டவாளம் கிடையாது. ஏப்ரல் முதல் ஒக்ரோபர் வரை ஓடுகிறது. கூயியிலிருந்து ஏறி எப்பெஸ் ஊரையும் டெசலே சரிவையும் சுற்றிக்கொண்டு திரும்பி வர ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் ஆகும். எல்லா நாட்களிலும் ஒரே நேரத்துக்கு ஓடுவதில்லை என்பதால் முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது கூயியின் படகுத் துறையில் ஏரிப் படகு ஏறி, லொசானின் ஊஷி துறைமுகம் வரை வரலாம். சரிவை மேலிருந்து பார்ப்பதும் நீரிலிருந்து பார்ப்பதும் முற்றிலும் வேறு. நீரிலிருந்து பார்த்தால்தான் சுவர்களின் எண்ணிக்கை புரியும். ஊஷியிலிருந்து மெற்றோ உங்களை நேராகப் புகையிரத நிலையத்தில் சேர்த்துவிடும். நாள் அட்டையை முன்கூட்டியே வாங்கினால் மலிவு. அதே அட்டை புகையிரதம், பஸ், மெற்றோ, ஏரிப் படகு அனைத்துக்கும் செல்லும். லவோ எக்ஸ்பிரஸுக்கு மட்டும் தனியாகச் சீட்டு எடுக்க வேண்டும்.

வவுனியா வெளிச்சம் (பதில்)

முள்ளியவளை அண்ணா சொன்ன வழியை நான் முன்னரே அறிந்திருந்தால் என் மாமியிடம் இன்றுவரை பேச்சு வாங்க வேண்டியிருந்திருக்காது. இரண்டு வருடங்களுக்கு முன்னர், ஏறுவதுதானே கடினம், இறங்குவது எளிது என்று நானாகவே ஒரு கணக்குப் போட்டேன். வெவேயிலிருந்து முந்திரிகைப் புகையிரதம் என்று அழைக்கப்படும் சிறு வண்டியில் ஷேப்ர் என்ற மேட்டூருக்குப் போய், அங்கிருந்து ஏரிக்கரையிலுள்ள சென் சபோறன் வரை நடந்து இறங்குவது என்பதே என் திட்டம். வரைபடத்தில் அது ஒரு விரல் நீளம் கூட இல்லை.

அந்தப் பாதைகள் தோட்ட வேலைக்காகச் சீமெந்து போட்ட பாதைகள். நடப்பதற்கென்று யாரும் அவற்றைச் சமப்படுத்தவில்லை. சில இடங்களில் சுவரோடு சுவராக ஒடுங்கிய கற்படிகள், பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. வீட்டுச் செருப்புடன் வந்திருந்த மாமிக்குப் பதினைந்து நிமிடத்தில் முழங்கால் நடுங்கத் தொடங்கிவிட்டது. திரும்பி ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. ஒவ்வொரு சுவரிலும் உட்கார்ந்து உட்கார்ந்து நாங்கள் கீழே வந்து சேர்ந்தபோது நாங்கள் நினைத்திருந்த வண்டி போய்விட்டது. அந்தச் சிறிய நிலையத்தில் அடுத்த வண்டிக்காக ஒரு மணித்தியாலமளவு காத்திருந்தோம். மாமி அவ்வளவு நேரமும் ஏரியைப் பார்த்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னர் ஊருக்குத் தொலைபேசி எடுத்து, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தோட்டம், ஒரு களையைக் காணவில்லை என்று வர்ணித்தாராம். என்னிடம் மட்டும் அதைச் சொல்லவில்லை.

ஆகவே முழங்கால் நோ உள்ளவரை எந்தக் காரணம் கொண்டும் இறக்கத்தில் நடத்த வேண்டாம். ஏற்றத்தை விட இறக்கமே முழங்காலைப் பதம் பார்க்கும். நடந்தே தீர வேண்டும் என்று ஐயா அடம்பிடித்தால், ஷேப்ரிலிருந்து எப்பெஸ் பக்கமாக மலைவிளிம்போடு செல்லும் பாதையில் சிறிது தூரம் மட்டும் நடந்துவிட்டு வந்த வழியே திரும்புங்கள்.

சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். இடியப்பமும் சம்பலும் எடுத்துச் சென்று ஏரிக்கரை வாங்கில் இருந்து சாப்பிட்டதற்கு யாரும் எங்களை வித்தியாசமாகப் பார்க்கவில்லை. தம்பியின் ஓய்வு நாள் ஞாயிற்றுக்கிழமை என்றால் சிறிய ஊர்களில் கடைகள் பூட்டியிருக்கும். ஊர்ச் சந்திகளில் கல்தொட்டியில் விழும் நீரை, குடிக்கக் கூடாது என்ற பலகை இல்லாத வரையில், தாராளமாகக் குடிக்கலாம். மாலையில் ஏரிக்காற்று குளிரும். அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சட்டை அவசியம். வைன் சுவைக்கும் இடங்களைப் பற்றி எனக்குத் தெரியாது, நாங்கள் உள்ளே போகவில்லை. நீங்களும் போக வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

போதனாசிரியர் (பதில்)

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் நெடுங்காலம் விவசாயப் போதனாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். லவோவை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் வன்னிக் கமக்காரர் ஒருவர் அங்கே போனால் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதைச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் காட்சியை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் உங்கள் ஐயாவுக்கு அரை வயிறுதான் நிறையும்.

யாழ்ப்பாணத்தில் இஸ்ரேல் புளூ இனத்தைப் பந்தலில் படரவிட்டு வளர்ப்பதை அவர் பார்த்திருப்பார். எங்கள் வெப்பத்தில் முந்திரிகைக் கொடி உறங்குவதில்லை. நாங்கள் கத்தரித்துவிட்டுத்தான் அதைப் புதிதாகத் துளிர்க்கவும் பூக்கவும் வைக்கிறோம், அதனால் வருடத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அறுவடை கிடைக்கிறது. அங்கே அந்த வேலையைக் குளிர் செய்கிறது. கொடி கார்த்திகையில் இலையுதிர்த்து உறங்கிவிடும். குளிர்காலம் முடியும் தறுவாயில் கத்தரிப்பார்கள், ஏப்ரலில் துளிர்க்கும், ஜூனில் பூக்கும், செப்டெம்பர் பிற்பகுதியிலோ ஒக்ரோபரிலோ ஒரே ஒரு அறுவடை. சித்திரையில் துளிர் வந்த பின்னர் ஒரே ஓர் இரவு உறைபனி விழுந்தாலும் அந்த வருட விளைச்சல் பாழாகக்கூடும். நீங்கள் போகும் மாதம் பழம் கொடியில் நிற்கும் மாதம். அதிர்ஷ்டம் இருந்தால் அறுவடையையும் காணலாம். எங்கள் சிறுபோகத்துக்கும் காலபோகத்துக்கும் இடைப்பட்ட ஓய்வில் அவர்களுக்கு வருடத்தின் மும்முரமான நாட்கள் வருவது உங்களுக்கு வாய்ப்பாகப் போயிற்று.

பந்தலைத் தேட வேண்டாம் என்று ஐயாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நாங்கள் வெயிலிலிருந்து குலையைக் காக்கக் கொடியைத் தலைக்கு மேலே ஏற்றுகிறோம். அவர்களோ வெயில் போதாமல் கொடியைத் தரைக்கு அருகே குட்டையாக நிறுத்தி, மண்ணின் சூட்டையும் கல்லின் சூட்டையும் குலைக்குக் கொடுக்கிறார்கள். லவோவில் மூன்று சூரியன்கள் என்று அந்த ஊர் மக்கள் சொல்வதுண்டு: வானத்தில் ஒன்று, ஏரி நீரில் பட்டுத் தெறிப்பது ஒன்று, பகலில் சுவர் வாங்கி வைத்து இரவில் திருப்பிக் கொடுக்கும் சூடு ஒன்று. மாலை ஐந்து மணிக்குப் பின்னர் ஐயா ஒரு சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கட்டும்.

அங்கே பெரும்பகுதி பயிரிடப்படுவது ஷஸ்லா என்ற வெள்ளை இனம். அடிமரத்தைக் குனிந்து பார்த்தால் ஒட்டிய இடத்தில் ஒரு வீக்கம் தெரியும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு வேர்ப்பேன் ஐரோப்பாவின் முந்திரிகைகளை அழித்தபோது, அந்தப் பேனைத் தாங்கக்கூடிய அமெரிக்க முந்திரிகையின் வேரில் தங்கள் இனங்களை ஒட்டித்தான் அவர்கள் தப்பினார்கள். ஒட்டு மாங்கன்று நட்டவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. துருசும் சுண்ணாம்பும் சேர்த்துப் பூஞ்சண நோய்க்கு நாங்கள் அடித்த போர்டோக் கலவையும், 1880களில் பிரான்சின் போர்டோ முந்திரிகைத் தோட்டங்களில் பிறந்து எங்களிடம் வந்ததுதான்.

இன்னொன்று. லவோவின் முந்திரிகை நிலம் முழுவதையும் சேர்த்தாலும் ஏறத்தாழ 800 ஹெக்ரெயர், அதாவது 2,000 ஏக்கர் அளவுதான். இரணைமடுவின் கீழ் இருக்கும் வயலில் அது பத்தில் ஒரு பங்குக்கு மேல் இராது. இருந்தும் அந்தச் சிறிய நிலத்தில் வீடு கட்டி நிரப்பிவிடாமல் தடுக்க, அந்த மாகாண மக்கள் 1977ஆம் ஆண்டு வாக்களித்துத் தங்கள் அரசியலமைப்பிலேயே அதற்குக் காப்பு எழுதி வைத்தார்கள். 2005இல் மறுபடியும் வாக்களித்து அதை உறுதிப்படுத்தினார்கள். எங்களிடமும் வயலை நிரப்புவதற்குக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும் என்ற விதி இருக்கத்தான் செய்கிறது. அதைப் பற்றி நான் எழுதத் தொடங்கினால் இந்த இழை திசை மாறிவிடும்.

நெடுங்கேணிப் பனை (பதில்)

சுவைக்கும் இடத்துக்குள் போக வேண்டியதில்லை என்று வவுனியா வெளிச்சம் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் இரண்டு இலையுதிர் காலங்கள் அந்தச் சரிவில் முந்திரிகை ஆய்ந்து கூலி வாங்கியவன் நான். நிலவறையைப் பார்க்காமல் வந்தால், நெல்லை வயலில் பார்த்துவிட்டு ஆலையையும் சோற்றையும் பார்க்காமல் வந்த மாதிரித்தான்.

அம்மாவின் அச்சம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அது எங்கள் தவறணை போன்ற இடம் அல்ல. ஒவ்வோர் ஊரிலும் வைன் செய்யும் குடும்பங்கள் முறைவைத்து நடத்தும் ஒரு பொது நிலவறை இருக்கும். பெரும்பாலும் வார இறுதியை ஒட்டிய நாட்களில் மாலையில்தான் திறப்பார்கள். பாட்டியும் பேரப்பிள்ளைகளும் ஒரே மேசையில் இருப்பார்கள். தோட்டத்தில் காலையில் மண் கொத்தியவரே மாலையில் கிண்ணத்தை எடுத்து வைப்பார். வைனை டெசிலீற்றர் கணக்கில் சிறிய கிண்ணத்தில் கொடுப்பார்கள். வாயில் வைத்துவிட்டுத் துப்புவதும் அங்கே மரியாதைக் குறைவு அல்ல. குடிக்கவே வேண்டாம் என்றால் முந்திரிகைச் சாறு கேளுங்கள். அறுவடை நாட்களில் புதிதாகப் பிழிந்த சாறு கிடைக்கலாம். அது எப்போது பிழிந்தது என்று மட்டும் கேட்டுவிட்டு அம்மாவுக்குக் கொடுங்கள், ஏனெனில் ஓரிரு நாள் நின்ற சாறு தானாகவே புளித்துப் பொங்கத் தொடங்கிவிடும். சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறக்கினால் கருப்பநீர், பூசாத முட்டியில் இறக்கினால் கள் என்று எங்கள் பனையில் இருக்கும் அதே கணக்குத்தான். அம்மாவுக்கு இதைச் சொன்னால் அவருக்கே எல்லாம் விளங்கிவிடும்.

தம்பிக்குப் பிரெஞ்சு தெரியாவிட்டால் சில வார்த்தைகளைப் பழகிக்கொண்டு வரச் சொல்லுங்கள்; பேர்ணின் டொச்சு இங்கே அவ்வளவாகக் கைகொடுக்காது. நிலவறை பூட்டியிருக்கும் நாளில் போக நேர்ந்தால் ரீவா என்ற ஊரிலுள்ள வினோறாமா நிலையத்தை விசாரியுங்கள். வைன் செய்யும் குடும்பம் ஒன்றின் ஒரு வருட உழைப்பை அங்கே படமாகக் காட்டுகிறார்கள்.

வேலையைப் பற்றி ஐயா கேட்டால் இதைச் சொல்லுங்கள். சரிவு செங்குத்தானது என்பதால் பழம் ஆய்வது முழுவதும் கையால்தான். ஆய்ந்த பெட்டிகளை மேலே கொண்டுபோக, தூண்களில் நிறுத்திய ஒற்றைத் தண்டவாளத்தில் பற்சக்கரத்தோடு ஏறும் சிறு இயந்திரம் சில தோட்டங்களில் உண்டு. இல்லாத இடத்தில் முதுகுதான். மருந்தடிக்க ஹெலிகொப்ரர் வந்து போவதையும் நான் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு முந்திய தலைமுறைகள் கல்லோடு மண்ணையும் சுமந்திருக்கிறார்கள். மழை கழுவிக் கீழ்ச் சுவரடியில் சேர்க்கும் மண்ணைக் குளிர்காலத்தில் முதுகுக் கூடையில் அள்ளி மறுபடியும் மேல்படியில் கொட்டுவார்களாம். நான் வேலை செய்த வீட்டின் பெரியவர் அந்தக் கூடையைச் சுவரில் மாட்டி வைத்திருந்தார். எங்கள் கடகத்தை இரண்டு மடங்கு உயரமாக்கித் தோள்வார் போட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

பரந்தன் வரம்பு (கேட்டவர்)

அனைவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு இந்தப் பதில்களை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். கூயியில் இறங்கி, லவோ எக்ஸ்பிரஸில் ஏறி, படகில் திரும்புவது என்று முடிவாகிவிட்டது. தம்பியும் வெள்ளிக்கிழமைக்கு ஓய்வை மாற்றிக் கேட்டிருக்கிறான். கருப்பநீர்க் கதையைக் கேட்ட பின்னர் அம்மா, நிலவறைக்குள் வருவேன், ஆனால் வாசலுக்குக் கிட்டத்தான் இருப்பேன் என்கிறார். படிகளில் கட்டாயமாக இறங்கப் போவதில்லை, வவுனியா வெளிச்சம் அவர்களின் மாமிக்கும் எங்கள் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அப்பா மண் சுமக்கும் கதையை இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார். பின்னர் நெடுநேரம் யோசித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். ஏரி கீழே கிடக்கிறது, பயிர் மேலே நிற்கிறது. அப்படியானால் அவ்வளவு உயரத்துக்கு நீரை எப்படி ஏற்றுகிறார்கள், வாய்க்கால் எங்கே ஓடுகிறது என்பதே அவருடைய கேள்வி. என்னிடம் பதில் இருக்கவில்லை.

நெடுங்கேணிப் பனை (பதில்)

ஐயாவுக்கு என் வணக்கம். நீரை ஏற்றுவதில்லை என்பதே பதில். இளங்கன்றுக்கு ஊற்றுவது உண்டு. வேர் பிடித்த கொடி மழையை நம்பியே நிற்கிறது. எங்கள் கணக்கில் அது மானாவாரி. வருடம் முழுவதும் பரவலாக மழை பெய்யும் இடம் என்பதாலும், கொடியின் வேர் கல்லிடுக்குகளுக்குள் ஆழமாக இறங்கிவிடும் என்பதாலும் அது தாங்கிக்கொள்கிறது. நானும் முதல் நாள் ஐயாவைப் போலவே வாய்க்காலைத் தேடினேன். பெரியவர் என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ச் சுவர்களுக்கிடையே மேலிருந்து கீழே இறங்கும் ஒரு கல்வாய்க்காலைக் காட்டினார். அது நீர் பாய்ச்சும் வாய்க்கால் அல்ல, வடிக்கும் வாய்க்கால். பெருமழையில் சுவருக்குப் பின்னால் நீர் தேங்கினால் மண் ஊறிப் பாரமாகிச் சுவரைத் தள்ளிவிடும். ஒரு சுவர் சரிந்தால் அது கீழ்ச் சுவரின் மேல்தான் விழும். அதனால் நீரைத் தேங்கவிடாமல் அனுப்பிவிடுவதே அவர்களுக்குப் பெரிய கவலை.

கூயியில் இறங்கியதும் நிலையத்துக்கு மேற்பக்கமாக உள்ள முதல் சில சுவர்களுக்குக் கிட்டப் போய்ப் பாருங்கள், அதற்குப் படி ஏற வேண்டியதில்லை. சுவரின் அடியில் இடைவெளி விட்டுச் சிறு ஓட்டைகள் வைத்திருப்பார்கள். முதல் நாள் மழை பெய்திருந்தால் அவற்றிலிருந்து நீர் கசிந்துகொண்டிருக்கும்.